மொழி ஆவணக் காணொளிகள்: பூட்டுவது எளிது, திறவுகோல் யாரிடம்?

அருகிவரும் மொழிகளின் காணொளிப் பதிவுகள் இந்தியப் பல்கலைக்கழகங்களில் பெரும்பாலும் இரண்டு இடங்களில் போய்ச் சேருகின்றன. ஒன்று, ஆய்வாளரின் மேசை இழுப்பறையில் கிடக்கும் ஹார்ட் டிஸ்க். மற்றொன்று, இணைப்பு கையில் கிடைத்த எவரும் பார்க்கக்கூடிய யூடியூப் பக்கம் அல்லது கூகுள் டிரைவ் கோப்புறை. முதலாவதில் பதிவு யாருக்கும் கிடைப்பதில்லை. இரண்டாவதில் யார் யாருக்கோ கிடைத்துவிடுகிறது. களத்தில் பேச்சாளரிடம் கையொப்பமோ கைரேகையோ பெறும்போது தரப்படும் வாக்குறுதி இவ்விரண்டும் அன்று. ஆய்வுக்கும் கல்விக்கும் மட்டுமே பயன்படும், உங்கள் மக்கள் எப்போது வேண்டுமானாலும் பார்த்துக்கொள்ளலாம் என்பதே பொதுவாக அங்கே சொல்லப்படுவது. இதன் முற்பாதியை யூடியூப் மீறுகிறது. பிற்பாதியை இழுப்பறை மீறுகிறது.

மூன்றாவது வழி ஒன்று உண்டு. நிறுவனம் தன் சொந்த ஊடகச் சேவையகத்திலிருந்து, மறையாக்கம் செய்யப்பட்ட ஸ்ட்ரீமிங் முறையில் காணொளியை வழங்கலாம். இதற்கான அடிப்படை மென்பொருள்கள் அனைத்தும் கட்டணமின்றிக் கிடைக்கின்றன. நடுத்தரத் திறனுள்ள ஒரு கணினியே ஒரு துறையின் தேவைக்குப் போதும். ஆனால் இதைக் கணினி மையத்தின் வேலை என்று ஒப்படைத்துவிட்டு ஒதுங்கும் போக்கே துறைகளிடம் மிகுதி. பூட்டு எவ்வகையானது என்பதைப் பொறியாளர் தீர்மானிக்கலாம். திறவுகோலை யாருக்குத் தருவது என்பதை அவர் தீர்மானிக்க முடியாது. துறை மட்டும் தனித்து அமர்ந்து தீர்மானிப்பதும் முறையன்று. அந்த முடிவில் பேச்சாளர் சமூகத்துக்கு இடமில்லையெனில், மறையாக்கம் அச்சமூகத்தை அதன் சொந்தக் குரலிலிருந்தே விலக்கி வைக்கும் வேலியாக மாறிவிடும்.

மொழிப் பதிவுக்கு ஏன் இத்தனை காவல் என்று கேட்போர் உண்டு. ஒலிநாடாவில் குரல் மட்டுமே பதிவாயிற்று. காணொளியில் முகம் இருக்கிறது, வீடு இருக்கிறது, அருகில் அமர்ந்திருக்கும் குழந்தை இருக்கிறது, பின்னணியில் ஊருக்குள் செல்லும் பாதை இருக்கிறது. பேச்சிலோ நிலத்தின் எல்லை, மூலிகை கிடைக்கும் இடம், குறிப்பிட்ட பருவத்தில் குறிப்பிட்டவர் மட்டுமே பாட வேண்டிய சடங்குப் பாடல், அண்டை வீட்டாரைப் பற்றிய வம்பு என எல்லாம் வந்து விழுகின்றன. கேமராவை மறந்து மனிதர் பேசும் இயல்பான உரையாடலையே மொழியியலாளர் தேடுகிறார். தொடரியலின் நுட்பங்களும் உரையாடல் முறைகளும் அதில்தான் கிடைக்கின்றன. பேச்சாளரின் அந்த மறதியால் பயன்பெறும் ஆய்வாளருக்கு, அதனால் வரக்கூடிய கேட்டிலிருந்து அவரைக் காக்கும் கடமையும் இருக்கிறது.

வெளியே சென்ற காணொளி திரும்பி வராது என்பதற்கு அந்தமான் கடுமையான சான்று. ஜாரவா பெண்களைச் சுற்றுலாப் பயணிகளுக்காக ஆடவைத்த காணொளியை 2012 ஜனவரியில் பிரித்தானியச் செய்தித்தாளொன்று வெளியிட்டது. நாடே வெட்கப்பட்டது, நீதிமன்றம் வரை விவகாரம் சென்றது. ஆயினும் 2017இல் யூடியூபில் உலவிய ஜாரவா காணொளிகள் குறித்துத் தேசியப் பழங்குடியினர் ஆணையம் தானாக முன்வந்து நடவடிக்கை எடுக்க வேண்டியிருந்தது. அவை மொழியாய்வாளர் எடுத்த பதிவுகள் அல்ல. ஆனால் திறந்த தளத்தில் ஏறும் காணொளிக்கு எடுத்தவரின் நோக்கம் துணைக்கு வராது. பார்ப்பவரின் நோக்கமே அதன் விதியாகிவிடும். நல்ல நோக்கத்தோடு பதிவேற்றப்பட்ட சடங்குப் பாடலுக்கும் இதே நிலை நேரலாம்.

தீர்வைப் பற்றிப் பேசுவதற்கு முன் ஒரு சொற்குழப்பத்தைக் களைய வேண்டும். தமிழ்க் கணினி எழுத்தில் ‘குறியாக்கம்’ என்னும் ஒரே சொல் இரு வேறு செயல்களுக்கு வழங்குகிறது. காணொளியைச் சுருக்கிக் கோப்பாக மாற்றுவதும் குறியாக்கம். அயலார் படிக்க முடியாதபடி மறைப்பதும் குறியாக்கம். முதலாவதைக் குறியாக்கம் என்றும் இரண்டாவதை மறையாக்கம் என்றும் பிரித்து வழங்குவது நலம். மறையாக்கத்திலும் இரு நிலைகள் உண்டு. முகவரியில் பூட்டுச் சின்னம் காட்டும் எச்.டி.டி.பி.எஸ். வழி மறையாக்கம், சேவையகத்துக்கும் உலாவிக்கும் இடையிலான பாதையை மட்டும் காக்கிறது. பாதையின் இரு முனைகளிலும் கோப்பு வெளிப்படையாகவே இருக்கும். இணைப்பைப் பெற்ற எவரும் அந்தப் பாதுகாப்பான பாதை வழியாகவே கோப்பை முழுமையாகத் தரவிறக்கிக்கொள்ளலாம். உள்ளடக்க மறையாக்கம் வேறு. அதில் காணொளியின் ஒவ்வொரு துண்டும் பூட்டப்பட்டிருக்கும். திறவுகோல் தனியே வர வேண்டும். ‘எங்கள் இணையதளம் பாதுகாப்பானது’ என்று நிறுவனம் சொல்லும்போது பெரும்பாலும் முதல் நிலையைத்தான் சொல்கிறது. பேச்சாளருக்குத் தந்த வாக்குறுதிக்கு இரண்டு நிலைகளும் தேவை.

இரண்டாம் நிலை இயங்கும் முறை சிக்கலானதன்று. இன்று பரவலாக உள்ள எச்.எல்.எஸ். என்னும் ஸ்ட்ரீமிங் முறையை ஆப்பிள் நிறுவனம் 2009இல் அறிமுகப்படுத்தியது. 2017இல் அது ஆர்.எஃப்.சி. 8216 என்னும் ஆவணமாக வெளியானது. இம்முறையில் காணொளி சிறு துண்டுகளாக வெட்டப்படுகிறது. 6 நொடிக்கு ஒரு துண்டு என வைத்தால் ஒரு மணி நேரப் பதிவு 600 துண்டுகளாகும். அவற்றின் வரிசையை ஓர் எளிய உரைக்கோப்பு பட்டியலிடுகிறது. ஒவ்வொரு துண்டும் ஏ.இ.எஸ். முறையில், 128 பிட்டு, அதாவது 16 பைட்டு நீளமுள்ள திறவுகோலால் பூட்டப்படுகிறது. அத்திறவுகோலை எந்த முகவரியில் கேட்க வேண்டும் என்பது பட்டியலில் ஒரு வரியாக எழுதப்பட்டிருக்கும். பார்ப்பவரின் உலாவி பட்டியலைப் படித்து, திறவுகோலைக் கேட்டுப் பெற்று, துண்டுகளைத் திறந்து ஓட்டுகிறது.

நிறுவும் வேலை நான்கு படிகளில் அடங்கும். முதலில் எவராலும் ஊகிக்க முடியாத 16 பைட்டு எண் ஒன்றை ஓப்பன்எஸ்எஸ்எல் போன்ற கருவியால் உருவாக்க வேண்டும். அடுத்து எஃப்எஃப்எம்பெக் என்னும் கட்டற்ற மென்பொருளிடம் ஒரு சிறு குறிப்புக் கோப்பைத் தர வேண்டும். அதன் முதல் வரி, பார்ப்பவரின் உலாவி திறவுகோலைக் கேட்க வேண்டிய முகவரி. இரண்டாம் வரி, பூட்டும்போது அந்தத் திறவுகோல் கணினியில் இருக்கும் இடம். மூன்றாவதாகத் தொடக்க எண் ஒன்றையும் விரும்பினால் தரலாம். வெட்டுவதும் பூட்டுவதும் பட்டியல் எழுதுவதும் ஒரே கட்டளையில் முடிந்துவிடும். மூன்றாவதாக, துண்டுகளையும் பட்டியலையும் என்ஜின்எக்ஸ் போன்ற வலைச் சேவையகத்தில் வைத்து, லெட்ஸ் என்கிரிப்ட் அமைப்பிடம் கட்டணமின்றிக் கிடைக்கும் சான்றிதழால் எச்.டி.டி.பி.எஸ். பாதையை அமைக்க வேண்டும். நான்காவது படிதான் உயிர்நாடி. திறவுகோலுக்கான கோரிக்கை வந்தவுடன் சேவையகம் அதை அப்படியே தந்துவிடாமல், ‘இவருக்கு, இந்தப் பதிவுக்கு, இன்று தரலாமா’ என்று அனுமதிப் பட்டியலைப் பார்த்த பிறகே தர வேண்டும். என்ஜின்எக்ஸில் இப்படி வேறொரு நிரலைக் கேட்டுவிட்டு விடையளிக்கும் வசதி இருக்கிறது.

பூட்டிய துண்டுகள் எங்கே கிடந்தாலும் பெருங்கேடு இல்லை. அவற்றைப் பிரதி எடுத்தவருக்குக் கிடைப்பது பொருளற்ற பைட்டுகளே. முழுப் பாதுகாப்பும் அந்த 16 பைட்டு கோரிக்கைக்குச் சேவையகம் சொல்லும் விடையில்தான் இருக்கிறது.

அவசரமாக அமைக்கப்படும் ஏற்பாடுகள் இடறி விழுவதும் இங்கேதான். முதல் மூன்று படிகளை முடித்தவுடன் காணொளி ஓடத் தொடங்கிவிடும். வேலை முடிந்தது போலத் தோன்றும். திறவுகோல் கோப்பு, காணொளித் துண்டுகள் கிடக்கும் அதே பொதுக் கோப்புறையில் கேட்பாரற்றுக் கிடக்கும். கதவைப் பூட்டிவிட்டுத் திறவுகோலை அங்கேயே ஆணியில் மாட்டிச் செல்வதற்கு இது நிகர். ஆவணத் தொகுப்பு முழுவதுக்கும் ஒரே திறவுகோலைப் பயன்படுத்துவது அடுத்த பிழை. ஊர்த் திருவிழாப் பதிவைப் பார்க்க அனுமதி பெற்றவர், அதே திறவுகோலால் ஈமச்சடங்குப் பதிவையும் திறந்துவிடுவார். ஒவ்வொரு பதிவுக்கும் தனித் திறவுகோல் வைப்பதால் கூடுதல் செலவு ஏதுமில்லை. பேச்சாளரின் விருப்பம் பதிவுக்குப் பதிவு மாறுபடுவதால் இதைத் தவிர்க்கவும் முடியாது.

இனி யாருக்குத் தருவது என்னும் கேள்வி. பல்கலைக்கழகத்துக்கு எளிதான விடை, நிறுவன மின்னஞ்சல் உள்ளவருக்குத் தருவது. மின்னிதழ்களைப் படிக்க இன்ஃப்ளிப்நெட் மையத்தின் இன்ஃபெட் வழியாக நுழையும் பழக்கம் மாணவர்களுக்கு உண்டு. அதே வாயிலை மொழி ஆவணத்துக்கும் வைத்துவிடலாம் என்று தோன்றுவது இயல்பு. அதன் விளைவை எண்ணிப் பார்க்க வேண்டும். அம்மொழியில் ஒரு சொல்லும் அறியாத தொலைதூரத்து ஆய்வாளர் நொடியில் உள்ளே வருவார். பாடிய மூதாட்டியின் பேரன், பல்கலைக்கழகப் படியை மிதிக்காதவன், வெளியே நிற்பான். அவர் இறந்த பின் அவர் குரலைக் கேட்க விரும்பும் மகளுக்கு நிறுவன மின்னஞ்சல் எங்கிருந்து வரும்? தொழில்நுட்ப அளவில் குறையற்ற மறையாக்கம், அற நோக்கில் தலைகீழாக நிற்கும் இடம் இது.

வேறு வகையில் சிந்தித்தவர்கள் உண்டு. ஆஸ்திரேலியாவின் டெனன்ட் கிரீக் பகுதியில் வாழும் வாருமுங்கு மக்களோடு இணைந்து உருவான ‘முகுர்த்து’ என்னும் ஆவண மென்பொருள், அச்சமூகத்தின் விதிகளையே அணுகல் விதிகளாகக் கொண்டது. எந்தப் பதிவை எந்தக் குடும்பத்தார் பார்க்கலாம், எது பெண்களுக்கு மட்டும் உரியது, எது அனைவருக்கும் பொது என்பதை மக்களே வரையறுத்தனர். பெயரும் அவர்கள் மொழியிலிருந்து வந்ததே. புனிதப் பொருள்களைக் காத்து வைக்கும் பையின் பெயர் அது. பொருளைக் காண விரும்புவோர் பையைக் காக்கும் பெரியோரை அணுகிக் கேட்க வேண்டும். சேவையகம், திறவுகோல், அனுமதி என்னும் கருத்துகளை மக்களுக்கு விளக்க முடியாது என்று சாக்குச் சொல்வோருக்கு இந்த ஒரு சொல்லே விடை. ஒன்றைக் காத்து வைப்பது, கேட்டவருக்குக் காட்டுவது, காட்ட மறுப்பது ஆகியவற்றுக்கு ஒவ்வொரு மொழியிலும் சொற்கள் இருக்கும். அவற்றைத் தேடி அறிவது மொழியியலாளரின் சொந்த வேலை.

இந்தியச் சூழலில் இதற்கான நடைமுறை கடினமன்று. பேச்சாளர் சமூகம் தேர்ந்தெடுக்கும் சிலருக்கு, அனுமதிப் பட்டியலை மாற்றும் உரிமையைச் சேவையகத்திலேயே அளிக்கலாம். நுழைவதற்கு மின்னஞ்சலுக்குப் பதிலாகக் கைப்பேசி எண்ணையும் ஒருமுறைக் கடவுச்சொல்லையும் வைக்கலாம். காணொளியைப் பல தரங்களில் குறியாக்கம் செய்து வைத்தால், இணைய வேகத்துக்கேற்ப உலாவி தானே தேர்ந்துகொள்ளும். நொடிக்கு 2 மெகாபிட்டு வேகத்தில் ஒரு மணி நேரக் காணொளி 900 மெகாபைட்டை விழுங்கும். 400 கிலோபிட்டில் 180 மெகாபைட்டு போதும். 64 கிலோபிட்டில் ஒலியை மட்டும் கேட்டால் 29 மெகாபைட்டுக்குள் முடியும். மலையடிவாரத்தில் அலைவரிசைக்காக மேட்டில் ஏறி நிற்பவருக்கு இந்த வேறுபாடே திறந்த கதவுக்கும் மூடிய கதவுக்கும் உள்ள வேறுபாடு.

எதிர்வாதங்கள் மூன்று. பொதுப்பணத்தில் உருவான ஆய்வுத்தரவு அனைவருக்கும் திறந்திருக்க வேண்டும் என்பது முதலாவது. இலக்கணம், அகராதி, பேச்சாளர் இசைந்த உரைத்தொகுப்பு, பதிவுகளின் விவரப்பட்டியல் ஆகியவை திறந்திருக்கட்டும்; அதில் மாற்றுக் கருத்து இல்லை. விவரப்பட்டியலும் மூடிக்கிடந்தால் பதிவு இருப்பதே யாருக்கும் தெரியாது. ஆனால் பொதுப்பணம் கேமராவையும் பயணத்தையும் வாங்கியது. பாட்டியின் முகத்தை வாங்கவில்லை. தரவு எளிதில் கண்டறியவும் மறுபயன்பாடு செய்யவும் ஏற்றதாக இருக்க வேண்டும் என்னும் ‘ஃபேர்’ கோட்பாடுகள் 2016இல் வெளியாயின. தரவின் மீது பூர்வகுடி மக்களின் அதிகாரத்தையும் நலனையும் முன்வைக்கும் ‘கேர்’ கோட்பாடுகள் 2019இல் வந்தன. முன்னதை மேற்கோள் காட்டுவோர் பின்னதையும் படிக்க வேண்டும்.

திரையில் ஓடுவதை எவரும் பதிவு செய்துகொள்ளலாமே, மறையாக்கத்தால் என்ன பயன் என்பது இரண்டாவது. இக்கூற்று உண்மையே. மறையாக்கம் அனுமதி இல்லாதவரைத் தடுக்கும். அனுமதி பெற்றவரின் மனத்தை மாற்றாது. அவருக்கு எழுத்து வடிவ உடன்பாடும், திரையில் அவர் பெயரையே நீர்க்குறியாகக் காட்டும் ஏற்பாடும் ஓரளவு கடிவாளமிடும். இதற்காக வைடுவைன், ஃபேர்பிளே போன்ற வணிக உரிமப் பூட்டுகளை நாடினால் வேறு சிக்கல் எழும். காணொளியைத் திறக்கும் உரிமம் ஒரு பெருநிறுவனத்தின் தொழில்நுட்பத்தைச் சார்ந்ததாகிவிடும், செலவும் கூடும். திரைப்படத்துக்குப் பொருந்தும் அந்த ஏற்பாடு நூற்றாண்டுகள் நிலைக்க வேண்டிய மொழி ஆவணத்துக்குப் பொருந்தாது.

மூன்றாவது மிக வலுவானது: திறவுகோல் தொலைந்தால் மொழியே தொலையும். அந்தமானின் போ மொழியைப் பேசிய கடைசி மனிதரான போவா சீனியர் 2010 ஜனவரியில் மறைந்தார். அத்தகைய பேச்சாளரின் பதிவைப் பூட்டிவிட்டு, திறவுகோலை ஒப்பந்தம் முடிந்து வெளியேறும் திட்ட உதவியாளரின் மடிக்கணினியில் மட்டும் வைத்திருந்தால் அது மொழிக்கு நேரும் இரண்டாம் மரணம். ஆகவே பூட்ட வேண்டியது வழங்கும் பிரதியை மட்டுமே. மூலப்பிரதி பொதுத்தர வடிவத்தில், இணையத்தோடு தொடர்பில்லாத சேமிப்பில், குறைந்தது இரு வேறு இடங்களில் இருக்க வேண்டும். ஸ்ட்ரீமிங் முறைகள் நிலையானவை அல்ல. ஒருகாலத்தில் காணொளித் தளங்களில் கோலோச்சிய ஃபிளாஷின் ஆதரவை அடோபி 2020 டிசம்பர் 31 அன்று நிறுத்தியது. அதை நம்பிய ஊடகச் சேவையக ஏற்பாடுகள் அதன் மறையாக்கத்தோடு சேர்ந்து காலாவதியாயின. மூலப்பிரதி கையிலிருந்தால் புதிய முறையில் மீண்டும் வெட்டிப் பூட்டிக்கொள்ளலாம்.

சட்டமும் இத்திசையில் நகர்ந்திருக்கிறது. 2023ஆம் ஆண்டின் எண்ணிமத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின்படி, ஒப்புதலைத் தருவது எவ்வளவு எளிதோ, அதற்கு இணையான எளிமையோடு அதைத் திரும்பப் பெறவும் முடிய வேண்டும். ஆய்வுக்கும் ஆவணக் காப்புக்கும் சில நிபந்தனைகளுடன் விலக்கு உண்டு. அந்த விலக்கின் நிழலில் துறைகள் ஒதுங்கிக்கொள்வது சட்டப்படி சரியாக இருக்கலாம். களத்தில் தந்த வாக்குக்குச் சரியாகாது. மறையாக்க ஸ்ட்ரீமிங்கில் ஒப்புதலைத் திரும்பப் பெறுவதற்கு உண்மையான பொருள் இருக்கிறது. அனுமதிப் பட்டியலில் ஒரு வரியை நீக்கினால், அதன்பின் அப்பதிவுக்கான திறவுகோல் எவருக்கும் புதிதாகக் கிடைக்காது. தரவிறக்கம் செய்யக் கொடுத்த கோப்பில் இந்த உரிமை வெறும் காகிதத்தில்தான் வாழும்.

மைசூரில் உள்ள இந்திய மொழிகளின் நடுவண் நிறுவனம், 10,000 பேருக்கும் குறைவானோர் பேசும் மொழிகளுக்காக 2013இல் தொடங்கப்பட்ட திட்டத்தை நடத்திவருகிறது. சிக்கிம் பல்கலைக்கழகம் இமயமலைப் பகுதியின் அருகிவரும் மொழிகளுக்கென ஆவணகம் அமைத்துள்ளது. பதிவு செய்யும் ஆர்வம் வளர்ந்திருக்கிறது. பதிவை யாருக்கு, எவ்வாறு, எவ்வளவு காலம் வழங்குவது என்னும் பேச்சு அதே அளவுக்குப் பல்கலைக்கழகத் துறைகளில் வளர வேண்டும். கேமராவுக்கும் பயணத்துக்கும் தொகை கேட்கும் ஆய்வு முன்மொழிவில், திட்டம் முடிந்த பின்னரும் சேவையகத்தைப் பேணுவதற்கு ஒரு வரி இருக்க வேண்டும்.

களத்துக்குப் புறப்படும் ஆய்வு மாணவர் எவரும் தம் துறையிடம் மூன்று கேள்விகளுக்கு எழுத்தில் விடை கேட்கலாம். பதிவின் திறவுகோலைத் தரவும் மறுக்கவும் அதிகாரம் பெற்றவர்களில் பேச்சாளர் சமூகத்தினர் எத்தனை பேர்? கல்லூரி மின்னஞ்சல் இல்லாத, விலை குறைந்த கைப்பேசி வைத்திருக்கும் அவ்வூர்க்காரர் ஒருவர் அப்பதிவைப் பார்த்துக் காட்ட முடியுமா? மாணவர் பட்டம் பெற்றுச் சென்ற பிறகு மூலப்பிரதி யார் பொறுப்பில் இருக்கும்? இம்மூன்றுக்கும் விடை வந்த பிறகு கேமராவைத் திறப்பதே முறை. விடை வராத துறையில், முதலில் சரிசெய்ய வேண்டியது ஒப்புதல் படிவத்தின் வாசகத்தை.